வேலை இல்லாத நேரத்திலும் பேட்டரி கரைகிறதா? பிராசஸர் மின்னழுத்தமும் ஓய்வுநிலைச் செலவும்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மடிக்கணினியின் பேட்டரி நேரத்தைக் கூட்ட வேண்டும் என்று முடிவெடுப்பவர்களில் பலர் முதலில் கை வைப்பது பிராசஸரின் மின்னழுத்தத்தில்தான். அண்டர்வோல்ட் செய்தால், அதாவது அந்த மின்னழுத்தத்தைக் குறைத்தால், சூடு குறையும், விசிறிச் சத்தம் அடங்கும், பேட்டரி நீடிக்கும் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். கணினி கடுமையாக உழைக்கும் நேரத்தைப் பொறுத்தவரை முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடிகிறது. காரணம், நாம் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் நிமிடங்களிலும், தட்டச்சில் ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடைப்பட்ட கணத்திலும் பிராசஸர் ஓய்வில்தான் இருக்கிறது. அந்த ஓய்வில் அது எவ்வளவு ஆழமாக, எவ்வளவு நேரம் தடையின்றி உறங்குகிறது என்பதே பேட்டரி தாங்கும் நேரத்தை முடிவு செய்கிறது.

மதுரையில் இது வெறும் ஆர்வத்துக்கான கேள்வி இல்லை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தப்படும் மின்சாரம் மாலையில்தான் வரும் என்ற நாள்களில் வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும், புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் காலை முதல் மாலை வரை அமர்ந்து போட்டித் தேர்வுக்குப் படிப்பவருக்கும், ஓய்வுநிலையில் மிச்சமாகும் நான்கைந்து வாட் என்பது சில மணி நேர வேலை. 42 வாட்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி, 10 வாட் செலவில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். அதே பேட்டரி 5 வாட் செலவில் எட்டு மணி நேரத்தைத் தாண்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன்: அளந்து பார்த்தல்

சார்ஜரைக் கழற்றிவிட்டு, திரையின் வெளிச்சத்தை நீங்கள் வழக்கமாக வைக்கும் அளவில் நிறுத்தி, எல்லா மென்பொருள்களையும் மூடிவிட்டு, பேட்டரியிலிருந்து எத்தனை வாட் வெளியேறுகிறது என்று பாருங்கள். விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளின் சென்சார் பட்டியலில், பேட்டரிப் பகுதியில், சார்ஜ் ரேட் என்ற வரி இருக்கும். மின்சாரம் வெளியேறும்போது அது எதிர்மறை எண்ணாகத் தெரியும். லினக்ஸில் பவர்டாப் என்ற மென்பொருள் அதே எண்ணைக் காட்டும். கணினியைத் திறந்தவுடன் வரும் எண்ணை நம்ப வேண்டாம். பின்னணியில் அப்டேட், வைரஸ் சோதனை, கோப்புகளை அட்டவணைப்படுத்தும் வேலை ஆகியவை ஓய்ந்து எண் ஓர் இடத்தில் நிலைகொள்ளும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

15 வாட் வகைப் பிராசஸர் கொண்ட, தனி கிராபிக்ஸ் இல்லாத ஒரு சாதாரண மடிக்கணினி, மிதமான வெளிச்சத்தில் 3 முதல் 6 வாட்டுக்குள் நின்றால் அது ஆரோக்கியமாக இருக்கிறது என்று கொள்ளலாம். அதில் கணிசமான பங்கு திரையுடையது. நன்றாக உறங்கும் பிராசஸரின் பங்கு ஒரு வாட்டை ஒட்டியோ அதற்கும் கீழோ இருக்கும். உங்கள் எண் இந்த வரம்புக்குள் இருந்தால், அண்டர்வோல்ட் செய்து ஓய்வுநிலையில் பெறக்கூடியது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

ஏன் ஒன்றுமில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பின்வரும் அறிகுறிகள் அனைத்தும் எளிதாகிவிடும். பிராசஸர் வேலை செய்யும்போது செலவாகும் மின்திறன், அதிர்வெண்ணுக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கும். மின்னழுத்தத்தை ஐந்து சதவீதம் குறைத்தால் இந்தச் செலவு ஏறத்தாழ பத்து சதவீதம் குறையும் என்பது இதிலிருந்து வரும் கணக்கு. ஆனால் பிராசஸருக்குள் கணக்குப் போடும் அலகான கோர், வேலை முடிந்ததும் சி1, சி6 என்று பெயரிடப்பட்ட உறக்க நிலைகளுக்குப் போகிறது. சி1 நிலையில் கடிகாரத் துடிப்பு மட்டும் நிற்கும். சி6 நிலையில் அந்தக் கோருக்கான மின்சாரமே துண்டிக்கப்படும். அண்டர்வோல்ட் செய்வது குழாயின் திருகைச் சற்று இறுக்குவது என்றால், சி6 நிலை மேல்நிலைத் தொட்டியின் வால்வையே அடைப்பது. எல்லாக் கோர்களும் உறங்கிய பின், கிராபிக்ஸ், மெமரி கட்டுப்பாடு உள்ளிட்ட மொத்தச் சில்லும் சேர்ந்து உறங்கும் நிலைகளுக்கு இன்டெல் வகையில் பேக்கேஜ் சி-நிலைகள் என்று பெயர்: பிசி2, பிசி3, பிசி6, பிசி8, பிசி10 என்று எண் கூடக் கூட உறக்கம் ஆழமாகும். கோர்கள் உறங்கியும் பேக்கேஜ் பிசி2 அல்லது பிசி3-இலேயே மாட்டிக்கொண்டு நிற்பதுதான் நான் அதிகம் பார்க்கும் நோய்.

அறிகுறி: எதுவும் திறந்திருக்காது, ஆனாலும் 8 வாட்டுக்கு மேல் செலவாகும், அடிப்பகுதி இளஞ்சூடாகவே இருக்கும்

முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியு பயன்பாடு ஓரிரு சதவீதத்துக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் குற்றவாளி பட்டியலின் உச்சியிலேயே இருப்பான். அதை நிறுத்தினால் வேலை முடிந்தது. சிக்கலானது அடுத்த வகை: பயன்பாடு ஒரு சதவீதம்தான், ஆனால் செலவு இறங்கவில்லை.

நூலகத்தில் படிக்கும் மாணவி ஒருவர் கொண்டுவந்த கணினி அப்படிப்பட்டது. "அண்ணே, ஒரு பிடிஎஃப்-தான் தொறந்து வச்சிருக்கேன். மத்தியானத்துக்குள்ள சார்ஜ் தீந்துபோகுது" என்றார். டாஸ்க் மேனேஜரில் எல்லாம் அமைதியாக இருந்தது. கட்டளைச் சாளரத்தை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையை, சாய்கோட்டுக்குப் பின் ரிக்வெஸ்ட்ஸ் என்ற சொல்லைச் சேர்த்து இயக்கினோம். சிஸ்டம் என்ற தலைப்பின் கீழ் ஆடியோ டிரைவரின் பெயர் வந்து நின்றது. ஓர் ஒலி ஓடை இன்னும் பயன்பாட்டில் இருப்பதாகச் சொன்னது. திரையின் வலது கீழ் மூலையில் இருந்த சிறு அம்புக்குறியைச் சொடுக்கியபோது, முந்தைய வார இணைய வகுப்புக்காக நிறுவிய காணொளிச் சந்திப்பு மென்பொருள் மூடப்படாமல் உட்கார்ந்திருந்தது. சாளரத்தின் பெருக்கல் குறியை அழுத்தினால் அது மூடுவதில்லை, ஒளிந்துகொள்கிறது. அதை முழுவதுமாக நிறுத்தியதும் பேட்டரி எண் படிப்படியாக இறங்கத் தொடங்கியது. கணினி துவங்கும்போதே அதுவும் துவங்காதபடி ஸ்டார்ட்அப் பட்டியலில் நீக்கிக் கொடுத்தோம். பிராசஸரின் மின்னழுத்தத்தை யாரும் தொடவில்லை.

ரிக்வெஸ்ட்ஸ் பட்டியல் காலியாக இருந்தால், அதே கட்டளையை எனர்ஜி என்ற சொல்லோடு இயக்குங்கள். அது 60 விநாடிகள் கணினியைக் கவனித்து ஓர் அறிக்கை எழுதும்; அந்த ஒரு நிமிடம் மவுஸைத் தொடாமல் இருக்க வேண்டும். அறிக்கையில் சிவப்பாக வரும் எல்லாவற்றையும் கண்டு அஞ்சத் தேவையில்லை. நான் முதலில் தேடுவது டைமர் ரெசல்யூஷன் என்ற பகுதியை. விண்டோஸ் இயல்பாக 15.6 மில்லிவிநாடிக்கு ஒருமுறை விழித்துப் பார்க்கும். சில மென்பொருள்கள் ஒரு மில்லிவிநாடிக்கு ஒருமுறை எழுப்பும்படி கேட்டு வைக்கும். அப்படி விநாடிக்கு ஆயிரம் முறை எழுப்பப்படும் பிராசஸரின் பயன்பாட்டுச் சதவீதம் குறைவாகவே தெரியும். ஆழ்ந்த உறக்கத்தில் மட்டும் அது நிலைத்து நிற்க முடியாது. எந்த மென்பொருள் கேட்டது என்ற பெயர் அறிக்கையிலேயே இருக்கும்.

அடுத்து யுஎஸ்பி. கணினியில் செருகியிருக்கும் ஒவ்வொன்றையும், கம்பியில்லா மவுஸின் சிறு டாங்கிள் உள்பட, ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொரு முறையும் எண்ணைப் பாருங்கள். கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆகியவற்றை நாள் முழுதும் செருகியே வைத்திருக்கும் இ-சேவை மையத்தார், ஆடிட்டர் அலுவலகத்தார் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். பயன்படாத யுஎஸ்பி கருவியைத் தூங்க வைக்கும் செலக்டிவ் சஸ்பெண்ட் என்ற அமைப்பை மதிக்காத ஒரே ஒரு கருவி போதும், மொத்தச் சில்லையும் விழிக்க வைக்க.

இதற்குப் பின்னும் எண் இறங்காத கணினிகளில் நான் கேட்கும் கேள்வி, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி வட்டு மாற்றினீர்களா என்பதுதான். பழைய கணினிக்குப் புத்துயிர் கொடுக்க எஸ்எஸ்டி போடுவது நல்ல செலவு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வட்டும் மதர்போர்டும் இணைப்பைத் தூங்க வைக்கும் வழிமுறையில் ஒத்துப்போகாவிட்டால், வட்டு சும்மா இருக்கும்போதும் பிசிஐ இணைப்போ சாட்டா இணைப்போ விழித்தே இருக்கும். இணைப்பு விழித்திருக்கும் வரை பேக்கேஜ் பிசி8-க்கு இறங்காது. பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் பிரிவில் உள்ள லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட், பேட்டரிக்கு மேக்சிமம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். வட்டுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரையும், கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸையும் புதுப்பியுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டிஎல்பி என்ற மென்பொருளை நிறுவினால் இணைப்புகளைத் தூங்க வைக்கும் அமைப்புகளில் பெரும்பாலானவற்றை அதுவே பார்த்துக்கொள்ளும். பேக்கேஜ் எந்த நிலைவரை இறங்குகிறது என்பதை டர்போஸ்டாட் என்ற மென்பொருள் காட்டும்.

தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி என்றால் இந்தத் தேடலைத் தலைகீழாகத் தொடங்கவும். கார்டு உறங்காமல் இருந்தால் அது மட்டுமே 5 வாட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பிராசஸரில் நீங்கள் சேமிக்கும் எதுவும் அதன் முன் கண்ணுக்குத் தெரியாது. என்விடியா கார்டுகளுக்கு, எந்த மென்பொருள் கார்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டும் சிறு சின்னத்தை அதன் கண்ட்ரோல் பேனலில் இயக்கிக்கொள்ளலாம். பிரவுசரையோ வேறு சாதாரண மென்பொருளையோ அது காட்டினால், விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் கிராபிக்ஸ் பகுதிக்குச் சென்று அந்த மென்பொருளுக்குப் பவர் சேவிங் என்று தேர்ந்தெடுங்கள். கார்டு உறங்குகிறதா என்று பார்க்க, அதன் வெப்பநிலையைக் காட்டும் மென்பொருளைத் திறந்து வைப்பதும் அதை எழுப்பிவிடக்கூடும் என்பதால், பேட்டரி எண்ணையே அளவுகோலாகக் கொள்வது நல்லது. 144 ஹெர்ட்ஸ் திரையை பேட்டரியில் 60 ஹெர்ட்ஸுக்கு இறக்குவதும் பலன் தரும்.

அறிகுறி: ஒன்றும் செய்யாதபோதும் கண்காணிப்பு மென்பொருளில் அதிர்வெண் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல், மின்னழுத்தம் 1 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது

இது பல நேரங்களில் நோயே இல்லை. மென்பொருள் காட்டும் வோல்ட் எண், பிராசஸர் தனக்கு வேண்டும் என்று கேட்கும் அளவு. உறங்கும் கோருக்குள் அந்த நொடியில் உண்மையில் இருக்கும் அளவு ஆகாது. மேலும், அளவெடுக்கும் மென்பொருள் தன் கேள்வியைக் கேட்பதற்காகவே கோரை எழுப்புகிறது. எழுந்த கோர் வேகமெடுத்துப் பதில் சொல்லிவிட்டு மீண்டும் உறங்குகிறது. நமக்கோ எழுந்த கணத்தின் எண் மட்டுமே தெரிகிறது. எச்டபிள்யூஇன்ஃபோ இயல்பாக இரண்டு விநாடிக்கு ஒருமுறை கேட்கும். அதை ஐந்து அல்லது பத்து விநாடியாக்கி, சி-நிலைகளில் கழித்த நேரத்தின் சதவீதத்தைப் பாருங்கள். விழிப்பு நிலையான சி0 ஓரிரு சதவீதமும், ஆழ்நிலைகள் பெரும்பங்கும் இருந்தால், அதிர்வெண் 4 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டினாலும் கவலை வேண்டாம். வேலையை விரைவாக முடித்துவிட்டு அதிக நேரம் உறங்குவது, மெதுவாகச் செய்துகொண்டு நீண்ட நேரம் விழித்திருப்பதைவிடப் பெரும்பாலும் சிக்கனமானது.

ஆகவே அதிர்வெண்ணை மிகக் கீழே பூட்டி வைத்துப் பேட்டரியைச் சேமிக்க நினைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. செய்யத் தக்கது ஒன்று உண்டு. 2015-இல் வந்த ஆறாம் தலைமுறை முதல் இன்டெல் பிராசஸர்களில் ஸ்பீட் ஷிஃப்ட் என்ற வசதி இருக்கிறது. வேகத்தை எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதை விண்டோஸுக்குப் பதிலாகப் பிராசஸரே முடிவு செய்யும். எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று அதற்குச் சொல்லும் எண் 0-இலிருந்து 255 வரை செல்லும்: 0 என்றால் வேகம், 255 என்றால் சிக்கனம். பவர் மோடில் பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி என்று தேர்ந்தெடுத்தாலே இந்த எண் சிக்கனத்தின் பக்கம் நகரும். யாரோ எப்போதோ ஹை பெர்ஃபார்மன்ஸ் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் குறைந்தபட்ச பிராசஸர் நிலை 100 சதவீதமாக இருப்பதையும் அவ்வப்போது காண்கிறேன். அதை பேலன்ஸ்டு திட்டத்துக்குத் திருப்புங்கள்.

அறிகுறி: அண்டர்வோல்ட் செய்ய முயன்றால் அமைப்பு பூட்டப்பட்டிருக்கிறது, அல்லது எண்ணை மாற்றினாலும் எதுவும் நடப்பதில்லை

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2019 டிசம்பரில் பர்மிங்காம் பல்கலைக்கழகம், பெல்ஜியத்தின் கே.யூ.லூவன், ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் பிளண்டர்வோல்ட் என்ற தாக்குதல் முறையை வெளியிட்டனர். கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் பிராசஸரின் மின்னழுத்தத்தை மென்பொருள் வழியாகவே குறிபார்த்துக் குறைத்தால், பெருக்கல் போன்ற கணக்குகளில் பிழை விழும். அந்தப் பிழைகளைக் கொண்டு, எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இருக்கும் இரகசியச் சாவிகளை வெளியே எடுக்க முடியும் என்று அவர்கள் காட்டினர். சிவிஇ-2019-11157 என்று பதிவான இந்தக் குறைபாட்டுக்கு இன்டெல் தந்த தீர்வு, மென்பொருள் வழியாக மின்னழுத்தத்தை மாற்றும் கதவை பயாஸ் வழியே பூட்டும் வசதி. கணினித் தயாரிப்பாளர்கள் பலர் அதைப் பூட்டினர். பயாஸ் அப்டேட் செய்த மறுநாள் அண்டர்வோல்ட் வேலை செய்யவில்லை என்று வருபவர்களின் கதை இதுதான்.

உங்களுடையது பூட்டப்பட்டிருக்கிறதா என்று அறிய, மின்னழுத்தத்தை மாற்ற உதவும் த்ராட்டில்ஸ்டாப் மென்பொருளில் எஃப்ஐவிஆர் என்ற பொத்தானை அழுத்திப் பாருங்கள். லாக்டு என்று காட்டினால், பயாஸில் அதைத் திறக்கும் தேர்வு இருக்கிறதா என்று ஒருமுறை தேடலாம். விண்டோஸின் கோர் ஐசொலேஷன், விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் போன்றவை இயக்கத்தில் இருந்தாலும் இத்தகைய மென்பொருள்கள் மின்னழுத்தத்தைத் தொட முடியாமல் போகும்.

பழைய பயாஸைத் தேடிப்பிடித்து இறக்கிப் பூட்டைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள். வங்கிப் பரிவர்த்தனையும் வாடிக்கையாளர் கோப்புகளும் உள்ள கணினியில் அதைச் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பழைய பயாஸோடு இந்த ஓட்டை மட்டும் திரும்பி வருவதில்லை, இடையில் அடைக்கப்பட்ட மற்ற ஓட்டைகளும் திரும்பி வருகின்றன. இறக்கும்போது மின்சாரம் போனால் மதர்போர்டே போய்விடும். இவ்வளவுக்கும் ஈடாக ஓய்வுநிலையில் கிடைப்பது மிகச் சொற்பம். கடும் வேலையின் சூட்டைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், பூட்டிய கணினியிலும் ஒரு வழி உண்டு: பவர் ஆப்ஷன்ஸில் அதிகபட்ச பிராசஸர் நிலையை 99 சதவீதமாக்கினால், பிராசஸர் தன் அடிப்படை வேகத்துக்கு மேல் தாவும் டர்போ வேகம் நின்றுவிடும், டர்போ கேட்கும் உயர் மின்னழுத்தமும் அதோடு நின்றுவிடும்.

அறிகுறி: அண்டர்வோல்ட் செய்தபின் கடும் சோதனையில் தேறுகிறது; ஆனால் சும்மா இருக்கும்போது உறைந்து நிற்கிறது, அல்லது ஸ்லீப்பிலிருந்து எழும்போது நீலத்திரை வருகிறது

எல்லாக் கோர்களையும் முழு வேகத்தில் ஓடவிட்டு ஒரு மணி நேரம் தாங்கிய கணினி, ஒரு மின்னஞ்சலைப் படிக்கும்போது விழுவது எப்படி என்று பலருக்கும் நம்ப முடிவதில்லை. ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் இவ்வளவு மின்னழுத்தம் என்ற ஓர் அட்டவணை பிராசஸருக்குள் இருக்கிறது. நாம் 100 மில்லிவோல்ட் குறைத்தால், அது பெரும்பாலும் அட்டவணை முழுவதிலும் குறைகிறது. உயர் வேகத்தில் 1.20 வோல்ட் கேட்ட இடத்தில் 1.10 கிடைக்கிறது, இழப்பு எட்டு சதவீதம். குறைந்த வேகத்தில் 0.70 வோல்ட் கேட்ட இடத்தில் 0.60 மட்டுமே கிடைக்கிறது. இழப்பு பதினான்கு சதவீதத்துக்கு மேல். ஏற்கெனவே ஒட்டி உலர்ந்த இடத்தில்தான் அடி பலமாக விழுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. எல்லாக் கோர்களும் உழைக்கும்போது சூட்டு வரம்பும் வாட் வரம்பும் குறுக்கிட்டு வேகத்தை இறக்கிவிடும். ஒரே ஒரு கோர் சிறு வேலைக்காக எழும்போதுதான், அதாவது நீங்கள் பிரவுசரில் ஒரு தொடுப்பைச் சொடுக்கும் கணத்தில்தான், உச்ச டர்போ வேகம் எட்டப்படுகிறது. கடும் சோதனை அந்த உச்சத்தைத் தொடுவதே இல்லை. உறக்கத்திலிருந்து விழிப்புக்குத் தாவும் அந்த நொடியின் மின்னழுத்தச் சரிவும் சேர்ந்துகொண்டால் கணினி உறைகிறது.

சான்றைத் தேட ஈவண்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பதிவேட்டில் வீயா-லாகர் என்ற பெயரில் வரும் பதிவுகளைப் பாருங்கள். 19 என்ற எண்ணோடு, சரிசெய்யப்பட்ட பிராசஸர் பிழை என்று பதிவுகள் இருந்தால், கணினி இன்னும் விழவில்லை என்றாலும் விளிம்பில் நிற்கிறது என்று பொருள். கெர்னல்-பவர் 41 என்ற பதிவு, கணினி முறைப்படி அணைக்கப்படாமல் நின்றது என்று மட்டுமே சொல்லும். மின்தடையில், பேட்டரி செத்த கணினி அணைந்தாலும் அதே பதிவுதான் வரும். எனவே 41-ஐ மட்டும் வைத்து அண்டர்வோல்ட் மீது பழி போடக் கூடாது.

சரிசெய்ய, குறைப்பை முதலில் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, கணினி நிலையாக இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பிறகு 30 மில்லிவோல்ட்டில் தொடங்கி, பத்துப் பத்தாகக் கீழிறங்கலாம். கோர், கேஷ் (பிராசஸருக்குள் இருக்கும் சிறு நினைவகம்) இரண்டுக்கும் ஒரே அளவைக் கொடுங்கள். த்ராட்டில்ஸ்டாப்பில், மதிப்புகளைச் சேமிக்காதே என்ற தேர்வையே வைத்துக்கொண்டு சோதிப்பது அவசியம்; அப்படிச் செய்தால் கணினி உறைந்தாலும், அணைத்து மீண்டும் போட்டதும் பழைய மின்னழுத்தத்தோடு எழுந்துவிடும். ஒவ்வொரு படியிலும் கடும் சோதனையைவிட இவற்றுக்கு அதிக நேரம் கொடுங்கள்: திறந்த பக்கங்களோடு சும்மா விடுதல், காணொளி பார்த்தல், பலமுறை ஸ்லீப்புக்கு அனுப்பி எழுப்புதல், சார்ஜரைச் செருகிக் கழற்றுதல். விழும் அளவு எது என்று தெரிந்தபின் அதிலிருந்து 15 அல்லது 20 மில்லிவோல்ட் மேலே வந்து நில்லுங்கள். டேலி கணக்கும் ஜிஎஸ்டி தாக்கலும் செய்யும் கணினி என்றால் இன்னும் தாராளமாக மேலே வாருங்கள். கணக்கில் ஓசையின்றி ஒரு பிழை விழுவதற்கு, விசிறிச் சத்தம் எவ்வளவோ மேல்.

அறிகுறி: பேட்டரியில் அமைதியாக இருக்கிறது, சார்ஜரைச் செருகினால் வேலை இல்லாதபோதும் விசிறி சுற்றுகிறது

சார்ஜரில் இருக்கும்போது பவர் மோட் தனியாக அமைக்கப்படுகிறது என்பதால் அதை முதலில் பாருங்கள். காப்புப்படி எடுத்தல், அப்டேட் போன்ற பல வேலைகள் சார்ஜர் வரும்வரை காத்திருந்து தொடங்குபவை என்பதையும் நினைவில் கொள்ளவும். பேட்டரி நிரம்பும்போது அதுவே சூடாகும்.

இதற்கு மேல் மதுரையின் வெயில். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் நாள்களில், மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறையில், விசிறி உள்ளிழுக்கும் காற்றே சூடானது. சில்லின் வெப்பநிலை கூடக் கூட, டிரான்சிஸ்டர்களில் வேலையின்றிக் கசியும் மின்னோட்டமும் கூடும்; அதனால் அதே கணினி அதே வேலைக்கு மார்கழியைவிடச் சித்திரையில் சற்று அதிக வாட் எடுக்கும். மின்னழுத்தக் குறைப்பு இந்தக் கசிவையும் குறைக்கும் என்பதால், கோடையில் நாள் முழுதும் சார்ஜரில் உழைக்கும், பூட்டு இல்லாத கணினிக்கு அண்டர்வோல்ட் உண்மையிலேயே பயன்படும். ஆனால் அதற்கு முன், பின்மூடியைத் திறந்து ஹீட்சிங்கின் செதில்களுக்கும் விசிறிக்கும் இடையில் கம்பளம் போல் படிந்திருக்கும் தூசியை எடுங்கள். சாலையோர வீடுகளில் ஒரு வருடத்தில் அது காற்றை முழுவதுமாக அடைத்துவிடுகிறது. மெத்தையின் மேல் வைத்து வேலை செய்யும் பழக்கத்தையும் விடுங்கள்.

அறிகுறி: மாலையில் கரண்ட் இறங்கும்போது கணினி மெதுவாகிறது, வேகம் 400 அல்லது 800 மெகாஹெர்ட்ஸிலேயே நிற்கிறது

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பம்ப்செட் ஓடும் நேரத்தில் வீட்டு மின்னழுத்தம் சரிவதையும் பிராசஸரின் மின்னழுத்தத்தையும் ஒன்றாகக் கருதி, ஸ்டெபிலைசர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை எதை வாங்கினாலும், வெளியே தருவது 19 அல்லது 20 வோல்ட் நேர்மின்சாரம்தான். மதர்போர்டில் உள்ள சுற்று அதை மேலும் இறக்கி, பிராசஸர் கேட்கும் ஒரு வோல்ட்டை ஒட்டிய அளவுக்குக் கொண்டுவருகிறது. சுவரில் 180 வோல்ட் வந்தாலும் பிராசஸருக்கு அது தெரியாது. அடாப்டரின் மேல் அச்சிட்ட உள்ளீட்டு வரம்பைப் படித்துப் பார்த்தாலே ஐயம் தீரும்.

வேகம் மிகக் கீழே பூட்டிக்கொள்வது வேறு நோய். சார்ஜரின் வகையைக் கணினியால் அடையாளம் காண முடியாதபோதும், ஒரு சென்சார் கெட்டிருக்கும்போதும், பிராசஸருக்குச் சூடு எச்சரிக்கை அனுப்பும் பிடி பிராக்ஹாட் என்ற கம்பி வழியாக, வேகத்தைக் குறை என்ற ஆணை இடைவிடாமல் போகும். வெப்பநிலை 50 டிகிரி மட்டுமே இருக்க வேகம் 400 மெகாஹெர்ட்ஸில் நின்றால் இதைச் சந்தேகியுங்கள். சார்ஜரைக் கழற்றியதும் வேகம் திரும்பினால் குற்றம் சார்ஜருடையது அல்லது அதன் முனையுடையது. சரியான வாட் அளவுள்ள அசல் சார்ஜரைக் கடன் வாங்கிச் செருகிப் பாருங்கள். த்ராட்டில்ஸ்டாப்பில் பிடி பிராக்ஹாட் குறியை எடுத்துவிடுவது தற்காலிகமாக வேலையை ஓட்டும். எச்சரிக்கை உண்மையாகவே இருக்கக்கூடும் என்பதால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அப்படியே விட்டுவிடக் கூடாது.

அறிகுறி: மூடிப் பையில் வைத்த கணினி, மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் இறங்கி எடுக்கும்போது கொதிக்கிறது, பேட்டரி பாதி

பவர்சிஎஃப்ஜி கட்டளையை ஏ என்ற எழுத்தோடு இயக்கினால் உங்கள் கணினிக்குத் தெரிந்த உறக்க முறைகள் வரும். எஸ்3 இருந்தால் அது பழைய, முழுமையான ஸ்லீப். எஸ்0 லோ பவர் ஐடில் என்று இருந்தால், மூடியபின்னும் கணினி ஓடிக்கொண்டே ஆழ்ந்த ஓய்வில் இருக்கும் முறை. கைப்பேசியைப் போல இடையிடையே எழுந்து அஞ்சல் பார்க்கும். இந்த முறையில் எது உறங்க விடவில்லை என்பதை ஸ்லீப் ஸ்டடி என்ற சொல்லை ஒட்டி எழுதி இயக்கினால் வரும் அறிக்கை காட்டும். கடைசி மூன்று நாள்களின் ஒவ்வோர் உறக்கமும், அதில் உண்மையில் ஆழ்ந்திருந்த நேரத்தின் சதவீதமும், குறுக்கே நின்ற டிரைவரின் பெயரும் அதில் இருக்கும். பெரும்பாலும் வைஃபை டிரைவர், அல்லது முன்னே சொன்ன எஸ்எஸ்டி. டிரைவரைப் புதுப்பித்தும் தீராவிட்டால், மூடியை மூடினால் ஹைபர்நேட் (திறந்திருப்பவற்றை வட்டில் எழுதிவிட்டு அணைதல்) என்று மாற்றிவிடுங்கள். எழுவதற்குச் சில விநாடிகள் கூடும். பைக்குள் ஒரு வாட்கூடச் செலவாகாது.

அறிகுறி: ஓய்வுநிலை எண் சரியாக இருக்கிறது, ஆனாலும் இரண்டு மணி நேரம்தான் தாங்குகிறது

பவர்சிஎஃப்ஜி கட்டளையை பேட்டரி ரிப்போர்ட் என்ற சொல்லை இடைவெளியின்றிச் சேர்த்து இயக்கி, அறிக்கையில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்ற இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். 42,000 மில்லிவாட்-மணியாகப் பிறந்தது இப்போது 18,000 மட்டுமே கொள்கிறது என்றால், பிராசஸரிலும் விண்டோஸிலும் தேட இனி எதுவும் இல்லை. டவுன்ஹால் ரோடு கடைகளில் மாற்று பேட்டரி வாங்கும்போது, பழைய பேட்டரியைக் கழற்றி அதன் மேல் உள்ள பகுதி எண்ணையும் வோல்ட் அளவையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள். பொருத்தியவுடன் கடையிலேயே இதே அறிக்கையை எடுத்து, ஃபுல் சார்ஜ் எண் டிசைன் எண்ணுக்கு அருகில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். பழையது உப்பியிருந்தால் அதை அழுத்தாமல், குத்தாமல், குப்பையில் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.